நள்ளிரவில் உங்களை யார் எழுப்பலாம்?

இதயநோய்ப் பிரிவுகளின் தலைமை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

அரசு மருத்துவமனைகளிலும் தனியார் மருத்துவமனைகளிலும் இதயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றிருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். வார்டில் உங்களை நாங்கள் ‘சீஃப்’ என்போம். ‘சீஃப் வர்றார்’ என்ற சொல் காதில் விழுந்ததும் படுக்கை விரிப்புகள் இழுத்துவிடப்படும், கேஸ் ஷீட்டுகள் வரிசைக்கு வரும், பேச்சு நின்றுவிடும். முப்பத்தொரு வருடம் அந்தச் சொல்லைக் கேட்டு எழுந்து நின்றவள் நான். அதில் பத்தொன்பது வருடம் இதய நோயாளிகளோடு. ஓய்வுபெற்ற பிறகு செவிலியர் கல்லூரி ஒன்றில் சில காலம் பாடம் எடுத்தேன். படிக்க நேரம் கிடைத்தது அப்போதுதான். நின்றுகொண்டு சொல்ல முடியாமல் போனதை இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்களை மரியாதைக் குறைவாகப் பேச எனக்கு மனம் வராது. இரண்டு நாள் வீட்டுக்குப் போகாமல், வார்டு நாற்காலியிலேயே கண்ணயர்ந்து எழுந்து, அடுத்த நோயாளியின் மார்பில் கைவைத்து அழுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஒரு விஷயம் என்னை விடவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. ஊர் வேண்டாம், மருத்துவமனையின் பெயரும் வேண்டாம். எனக்கு இரவு டியூட்டி. வாழைமண்டியில் தார் ஏற்றி இறக்கும் ஒருவர், நாற்பத்தாறு வயது, ‘நெஞ்சு கரிக்குது’ என்று வந்து பொது மருத்துவ வார்டில் படுத்திருந்தார். கேஸ் ட்ரபிள் என்று எழுதியிருந்தது. அவர் வியர்த்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஹவுஸ் சர்ஜனிடம் சொன்னேன். அவர் பணிக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, நல்ல பையன். இருவருமாக ஈ.சி.ஜி. எடுத்தோம். மணி 1.40. வி1-இலிருந்து வி4 வரை கோடு தூக்கிக்கொண்டு நின்றது. அதைப் படிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். அதுபோல நூற்றுக்கணக்கான தாள்களை நான் பார்த்திருந்தேன். அந்தப் பையனும் பார்த்தவுடன் புரிந்துகொண்டார்.

அடுத்து செய்ய வேண்டியது ஒன்றுதான். குவார்ட்டர்ஸில் தூங்கிக்கொண்டிருந்த அசிஸ்டண்ட் சாரைப் போனில் எழுப்ப வேண்டும். அவர் சொன்னால்தான் ஸ்ட்ரெப்டோகைனேஸ் போட முடியும். பையன் போனுக்குப் பக்கத்தில் போனார், திரும்பி வந்தார். காரணம் எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய வாரம் இன்னொரு ஹவுஸ் சர்ஜன் இதேபோல எழுப்பியிருந்தார். அது மாரடைப்பாக இருக்கவில்லை. மறுநாள் ரவுண்ட்ஸில், முப்பது நோயாளிகளுக்கும் அவர்களுடைய சொந்தக்காரர்களுக்கும் முன்னால், கேஸ் ஷீட் அந்தப் பையனின் காலடியில் வந்து விழுந்தது. ‘ஈ.சி.ஜி. படிக்கத் தெரியாதவனெல்லாம் எதுக்குய்யா டாக்டருக்குப் படிக்கிறீங்க?’ குனிந்து அதை எடுத்துக் கொடுத்தவள் நான்.

‘இன்னொரு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துட்டுக் கூப்பிடலாமா சிஸ்டர்?’ என்று பையன் கேட்டார். நான் சரி என்றேன். எழுப்புங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம், நானே எழுப்பியிருக்கலாம். சரி என்றேன். 2.20-க்கு எடுத்த இரண்டாவது தாளில் கோடு இன்னும் உயர்ந்திருந்தது. அதற்குப் பிறகு எழுப்பினோம். சார் திட்டவில்லை, உடனே வந்தார். மருந்து ஏறத் தொடங்கியபோது மணி 2.50. நாலரைக்கு அவர் இதயம் துடிப்புத் தப்பியது. எங்களால் மீட்க முடியவில்லை. இறப்புக் கூட்டத்தில் அந்தக் கேஸைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார்கள். தாமதமாக வந்த நோயாளி, பெரிய மாரடைப்பு என்று முடிந்தது. இடையில் போன நாற்பது நிமிடம் எந்தத் தாளிலும் இல்லை. கேஸ் ஷீட்டில் இரண்டாவது ஈ.சி.ஜி. மட்டும்தான் பின் அடிக்கப்பட்டிருந்தது.

மாரடைப்பில் அடைபட்ட ரத்தக்குழாய்க்குப் பின்னால் இருக்கும் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கிறது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நீங்கள்தான். நோயாளி வந்த 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி., 30 நிமிடத்துக்குள் கட்டியைக் கரைக்கும் மருந்து, அல்லது 90 நிமிடத்துக்குள் பலூன் என்று வகுப்பில் எழுதிப்போட்டீர்கள். அந்த நிமிடங்களைத் தின்பது எது என்று கேட்டால் போக்குவரத்து, லிஃப்ட், படிவம், பணம் என்று எல்லாவற்றையும் சொல்வோம். பயம் என்று யாரும் சொல்வதில்லை. என் கணக்கில் அதுவே முதல்.

இது ஏதோ ஒரு சிஸ்டரின் மனத்தாங்கல் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் பிறகு தேடித் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் பிராட்லி என்பவரும் அவருடைய குழுவும் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. மாரடைப்புக்கு எல்லா இடத்திலும் அதே மருந்து, அதே கருவி, அதே வழிகாட்டு நெறிமுறை. அப்படியிருக்க, ஓரிடத்தில் 30 நாளுக்குள் இறப்பவர்கள் குறைவாகவும் இன்னோரிடத்தில் அதிகமாகவும் இருப்பது ஏன்? நோயாளிகளின் வயதையும் மற்ற நோய்களையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த இடைவெளி அப்படியே நின்றது. இறப்பு மிகக் குறைந்த 5 சதவீத மருத்துவமனைகளிலும் மிக அதிகமான 5 சதவீதத்திலும் இருந்து 11 இடங்களைத் தேர்ந்தெடுத்து, நேரில் போய், 158 பேரிடம் பேசினார்கள். மருத்துவர், செவிலியர், நிர்வாகி என்று எல்லாத் தரப்பும் அதில் உண்டு. 2011-இல் கட்டுரை வெளிவந்தது.

நெறிமுறைத் தாள்கள் நல்ல இடத்திலும் இருந்தன, மோசமான இடத்திலும் இருந்தன. அதில் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் இருந்தது வேறிடத்தில். மேலே இருப்பவர்கள் இந்த வேலையில் நேரடியாக ஈடுபட்டார்களா, ஒரு துறை இன்னொரு துறையோடு பேசியதா, தவறு நடந்தபோது ‘யார் செய்தது’ என்று தேடினார்களா, ‘எப்படி நடந்தது’ என்று தேடினார்களா, கீழே இருப்பவர் வாய்திறக்க முடிந்ததா என்ற இடங்களில்தான். படித்தபோது என் வார்டைப் பற்றி யாரோ எழுதியதுபோல இருந்தது.

அந்தக் குழு அதோடு விடவில்லை. பண்பாட்டை மாற்ற முடியுமா, மாற்றினால் உயிர் பிழைக்குமா என்று சோதித்துப் பார்த்தார்கள். 2014 முதல் 2016 வரை 10 மருத்துவமனைகள். ஒவ்வொன்றிலும் பல துறைகளிலிருந்தும் பல படிநிலைகளிலிருந்தும் ஆட்களைச் சேர்த்து ஒரு குழு அமைத்து, தங்கள் மாரடைப்புச் சிகிச்சையில் எங்கே ஓட்டை என்று அவர்களையே பார்க்கச் சொன்னார்கள். பத்தில் ஆறு இடங்களில் பண்பாடு உண்மையாகவே மாறியது. நான்கில் பெரிதாக மாறவில்லை. மாறிய ஆறில் இறப்பு விகிதம் 1.07 சதவீதப் புள்ளி இறங்கியது. மாறாத நான்கில் 0.23. நூற்றுக்கு ஒரு உயிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய மருந்து ஒன்று நூற்றுக்கு ஒரு உயிரைக் காப்பாற்றும் என்றால் அதற்கு நீங்கள் எத்தனை மாநாடு கூட்டுவீர்கள்! இங்கே அந்த மருந்து, மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசும் விதம்.

இதே பிராட்லியின் இன்னொரு ஆய்வை உங்களில் பலர் எனக்கு முன்பே படித்திருப்பீர்கள். 2006-இல் வந்தது; 365 மருத்துவமனைகள். நோயாளி வாசலில் நுழைந்ததிலிருந்து பலூன் விரியும் வரையான நேரத்தை எது குறைக்கிறது என்று பார்த்தார்கள். அவசரப் பிரிவு மருத்துவரே, இதய மருத்துவரின் அனுமதிக்காகக் காத்திருக்காமல், கேத் லேபைத் தயார்ப்படுத்தச் சொல்லலாம் என்றிருந்த இடங்களில் சராசரியாக 8.2 நிமிடம் மிச்சம். ஒரே ஒரு போன் செய்தால் மொத்தக் குழுவுக்கும் தகவல் போகும் என்றிருந்த இடங்களில் 13.8 நிமிடம். கூப்பிட்ட 20 நிமிடத்துக்குள் குழு வந்துவிட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருந்த இடங்களில் 19.3 நிமிடம். இவற்றை நிர்வாக ஏற்பாடு என்று நீங்கள் படித்திருப்பீர்கள். நான் படித்தது வேறு மாதிரி. இந்த எட்டு நிமிடம், பதின்மூன்று நிமிடம் எல்லாம் தனக்குக் கீழே இருப்பவரின் கண்ணை ஒருவர் நம்பியதால் கிடைத்தவை. அழைப்பு தவறாகப் போனால் அவமானப்படுத்த மாட்டேன் என்ற உறுதி இல்லாமல் அந்த ஏற்பாடு ஒருநாளும் ஓடாது.

நம்பாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு வின்னிபெக் போதும்.

கனடாவில் மனிடோபா மாகாணத்தின் தலைநகர் அது. அங்கே உள்ள பெரிய மருத்துவமனையில் 1994-இல் குழந்தைகளுக்கான இதய அறுவைச் சிகிச்சைக்குப் புதிய மருத்துவர் ஒருவர் வந்தார். அந்த ஒரே ஆண்டில் 12 குழந்தைகள் இறந்தார்கள். ஏதோ சரியில்லை என்று முதலில் கண்டவர்கள் அறுவை அரங்கில் இருந்த செவிலியர்கள். எவ்வளவு ரத்தம் போகிறது, எத்தனை முறை திரும்பத் திரும்பத் தையல் விழுகிறது, குழந்தை எவ்வளவு நேரம் இயந்திரத்தில் கிடக்கிறது என்பதெல்லாம் கருவியை எடுத்துக் கொடுக்கும் கைக்குத்தானே முதலில் தெரியும்? அவர்கள் சொன்னார்கள். அதை உணர்ச்சிவசப்படுதல் என்று எடுத்துக்கொண்டார்கள். மே மாதம் மயக்க மருத்துவர்கள், இனி இந்த அறுவைகளுக்கு மயக்கம் கொடுக்க மாட்டோம் என்று ஒதுங்கினார்கள். உடனே பரிசீலனைக் குழு அமைக்கப்பட்டது, சிக்கலான அறுவைகள் நின்றன. இரு தரப்பும் பார்த்தது ஒன்றுதான். டாக்டர்கள் சொன்னபோது அது தகவலாயிற்று. ஆனால் அந்தக் குழுவும் பிறகு முழு அறுவைக்கும் அனுமதி தந்தது. ஆண்டு முடிவதற்குள் மேலும் குழந்தைகள் இறந்தார்கள்.

விசாரணை நடத்தியவர் நீதிபதி மர்ரி சின்க்ளேர். மூன்று ஆண்டுகளுக்கு நெருக்கமாகச் சாட்சியம் கேட்டார். அறிக்கை 2000-இல் வெளியானது. அந்த மருத்துவமனையின் அமைப்பில் செவிலியர்கள் அடங்கிப்போக வேண்டிய இடத்தில் வைக்கப்பட்டிருந்ததால்தான் அவர்கள் எழுப்பிய பிரச்சினைகள் உரிய விதத்தில் கவனிக்கப்படவில்லை என்று அதில் பதிவு செய்தார். மனிடோபாவில் தொல்குடி மக்களிலிருந்து வந்த முதல் நீதிபதி அவர். சொன்னதை யாரும் காதில் வாங்காத மக்களிடமிருந்து வந்தவர் என்பதால்தான் அந்தச் செவிலியர்களின் குரல் அவருக்கு அவ்வளவு தெளிவாகக் கேட்டிருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இங்கிலாந்தின் பிரிஸ்டலில் குழந்தைகளின் இதய அறுவையில் நடந்தது உங்களுக்கு நன்றாகத் தெரியும். மயக்க மருத்துவர் ஸ்டீபன் போல்சின் ஆண்டுக்கணக்காக எண்களைச் சேகரித்து வைத்துக்கொண்டு கதவு கதவாகத் தட்டினார். கடைசியில் அவர்தான் நாட்டைவிட்டு ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டியதாயிற்று. 2001-இல் வந்த விசாரணை அறிக்கை, 1991-க்கும் 1995-க்கும் இடையில், அதுபோன்ற வேறொரு மருத்துவமனையில் எதிர்பார்க்கக்கூடியதைவிட 30 முதல் 35 வரை கூடுதலான கைக்குழந்தைகள் அங்கே இறந்ததாகக் கணக்கிட்டது. அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. பெரும்பாலும் அக்கறையும் உழைப்பும் உள்ளவர்கள்தான் என்றது. சிலருக்குள்ளேயே எல்லாம் முடிவாகும் ஒரு மூடிய வட்டம், அதற்கு வெளியே இருப்பவரின் கேள்வியை உள்ளே விடவில்லை, அவ்வளவுதான். எனக்கு அதிகம் பயம் தந்தது அந்தப் பக்கங்கள்தான். கெட்டவர்கள் என்றால் நம் ஊரில் இல்லை என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாமே!

நம் பக்கம் வருகிறேன். நம் மருத்துவமனைகளில் ‘மெமோ’ என்ற ஒரு தாள் உண்டு. உங்களுக்கு அது ஒரு கையெழுத்து. எங்களுக்கு இன்கிரிமென்ட், பணியிட மாற்றம், வீட்டில் சோறு இறங்காத ஒரு வாரம். ஒரு மருந்து அளவு மாறிப்போனது, ஒரு மானிட்டர் அலாரம் கவனிக்கப்படவில்லை என்று தானாக வந்து சொல்பவருக்கு நாம் கொடுப்பது அந்தத் தாள். பிறகு, ‘எங்கள் வார்டில் தவறே நடப்பதில்லை’ என்று காட்ட வெறுமையான ஒரு பதிவேடும் வைத்திருப்போம். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1996-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றை என் மாணவிகளுக்கு ஒவ்வொரு ஆண்டும் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு மருத்துவமனைகளின் எட்டு வார்டுகள். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள வார்டில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல வார்டில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே சொல்ல முடிந்தது, ஆகவே சொன்னார்கள். பயந்த வார்டுகளில் தவறுகள் சுவருக்குள் போய்விட்டன. உங்கள் பதிவேடு வெறுமையாக இருக்கிறது என்றால் சந்தோஷப்படாதீர்கள், டாக்டர்.

தொகுப்பூதியத்தில் இருக்கும் பெண்களை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தேர்வெழுதி வந்த ஆயிரக்கணக்கான செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாயில் வேலையைத் தொடங்கினார்கள். பிறகு சம்பளம் உயர்ந்தது. ஆனால் நிரந்தரம் என்ற வார்த்தைக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்தவர்கள் நிறைய. வேலையே உறுதியில்லாத ஒரு பெண், பேராசிரியரிடம் போய், ‘சார், நீங்க எழுதின டோஸ் அதிகமா இருக்கு’ என்று சொல்லிவிடுவாளா? ஹெபாரின் கணக்கில் ஒரு சைபர் கூடினால் என்னவாகும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? அவள் சொல்ல வேண்டிய இடம் அதுதான். அவள் மௌனமாக இருப்பது குணக்கோளாறு ஆகாது. அவள் தன் நிலைமையைச் சரியாகக் கணக்கிட்டிருக்கிறாள்.

தலைமைக் குழு என்றால் டாக்டர்களையும் கண்காணிப்பாளரையும் மட்டும் உட்கார வைப்பதும் ஒரு வழக்கம். நான் கடைசியாக வேலை பார்த்த இடத்தில் அவசரப் பிரிவிலிருந்து கேத் லேபுக்கு நோயாளி போய்ச் சேர ஏன் இவ்வளவு நேரம் என்று மூன்று கூட்டம் நடந்தது. எந்தக் கூட்டத்திலும் பதில் கிடைக்கவில்லை. ஒருநாள் தேநீர்க் கடையில் ஸ்ட்ரெச்சர் தள்ளும் எங்கள் எம்.என்.ஓ. ஒருவர் சாதாரணமாகச் சொன்னார்: ‘லிஃப்ட் வாசல்ல தரை இறங்கியிருக்கும்மா. ஆக்ஸிஜன் சிலிண்டரோட ஸ்ட்ரெச்சர் அதுல மாட்டிக்கும். அதனால நாங்க சாய்தளத்துல சுத்திக்கிட்டுப் போறோம்.’ எத்தனை மாதமாக என்று கேட்டேன். ‘ரெண்டு வருஷமா.’ அவரை யாரும் கேட்கவில்லை. ஒரு இரும்புத் தகடும் அரைநாள் கொத்தனார் வேலையும் போதுமாக இருந்தது. நோயாளியைத் தள்ளிக்கொண்டு போகிறவருக்குத் தெரிந்த வழி, வரைபடம் வைத்துப் பேசுகிறவருக்குத் தெரியாமல் போனது எப்படி என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

பட்டியல்கள் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் 19 அம்சங்கள் கொண்டது. டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது என்று 2009-இல் கட்டுரை வந்தது. அந்தப் பட்டியலில் ஒரு வரி, அரங்கில் உள்ள ஒவ்வொருவரும் தன் பெயரையும் தன் வேலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்கிறது. நம்மூரில் அந்த வரிக்கு நேரே முதல் நாள் மாலையே டிக் விழுந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பெயர் சொல்லப்படவே இல்லை. பதினொரு வருடம் ஒரே அரங்கில் நின்ற என் தோழியை அந்த அறுவை மருத்துவர் கடைசிவரை ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிட்டார். அவர் கடுமையானவரல்ல, பெயர் தெரியாது, அவ்வளவே. பெயர் தெரியாத ஒருவர் ‘நிறுத்துங்க, ஸ்பாஞ்ச் கணக்கு ஒன்று குறைகிறது’ என்று குரல் எழுப்ப எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

இப்படியே குறை சொல்லிக்கொண்டு போவது நியாயமில்லை. எனக்கு ஒரு நல்ல சீஃபும் வாய்த்தார். என் வேலையின் இரண்டாம் பாதி முழுக்க அவரால்தான் அர்த்தப்பட்டது.

அவர் பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே தன் வீட்டு எண்ணை ஈ.சி.ஜி. இயந்திரத்தின் மேல் ஒட்டச் சொன்னார். சந்தேகம் வந்தால் யாராக இருந்தாலும் நேரே கூப்பிடலாம் என்றார். யாரும் கூப்பிடவில்லை. ஒட்டிய தாள் மஞ்சளானது. சீஃப்கள் சொல்வதெல்லாம் நடக்காது என்று எங்களுக்குப் பழக்கம். அப்புறம் ஒரு மழை ராத்திரி. இருபத்திரண்டு வயதுப் பையன், நெஞ்சு வலி, ஏறக்குறைய எல்லா லீடிலும் கோடு உயர்ந்திருக்கிறது. பணியில் இருந்த பி.ஜி. வேறொரு நோயாளிக்கு மூச்சுக்குழாய் வைத்துக்கொண்டிருந்தார். நான் கூப்பிட்டேன். கை நடுங்கியது என்பது மிகையில்லை. இருபது நிமிடத்தில் நனைந்துகொண்டு வந்தார். தாளைப் பார்த்தார், பையனை முன்னால் சாய்ந்து உட்காரச் சொன்னார், மார்பில் ஸ்டெத் வைத்தார். ‘இது மாரடைப்பு இல்ல சிஸ்டர், இதய உறையில அழற்சி’ என்றார். எனக்கு அந்தப் பழைய கேஸ் ஷீட் கண்முன் வந்தது.

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் எனக்குப் பாடம் எடுத்தார். மாரடைப்பில் கோடு எப்படி வளைகிறது, இதில் சேணம்போல எப்படிக் குழிந்திருக்கிறது, பி.ஆர். பகுதி எப்படி இறங்கியிருக்கிறது என்று பேனாவால் தொட்டுக் காட்டினார். மறுநாள் ரவுண்ட்ஸில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: ‘நேற்று ராத்திரி சிஸ்டர் என்னைக் கூப்பிட்டாங்க. சரியான நேரத்துல கூப்பிட்டாங்க.’ நோய் வேறாக இருந்தது என்பதையும் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு. அன்றிலிருந்து அந்த எண்ணுக்கு எல்லோரும் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒட்டிய தாளில் இல்லாதது ஏதோ அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. தவறாகக் கூப்பிட்டதற்குக் கிடைத்த அந்த நன்றி, பிறகு எத்தனை பேரின் தசையைக் காப்பாற்றியது என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

இன்று தேவை இன்னும் கூடியிருக்கிறது. மருத்துவர்கள் அஜித் முல்லசாரியும் தாமஸ் அலெக்சாண்டரும் முன்னின்று தமிழ்நாட்டில் நடத்திய மாரடைப்புத் திட்டத்தை நீங்கள் அறிவீர்கள். சிறிய மருத்துவமனைகளைக் கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனைகளோடு 108 ஆம்புலன்ஸ் வழியாகவும் தகவல் வழியாகவும் இணைத்தார்கள். 2,420 நோயாளிகளின் விவரம் 2017-இல் வெளியானது. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். 2023-இல் அரசு ‘இதயம் காப்போம்’ திட்டத்தைத் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலுமே ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அடோர்வாஸ்டாடின் முதல் டோஸைக் கொடுத்து அனுப்புகிறார்கள். மலையடிவாரத்தில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் தனியாக இருக்கும் கிராம சுகாதார செவிலியர் இப்போது மாரடைப்புச் சிகிச்சையின் முதல் ஆள். அவள் மாத்திரையைக் கொடுத்துவிட்டு மேலே போன் செய்கிறாள். மறுமுனையில் எடுப்பவர் உங்கள் துறையின் பி.ஜி. ‘என்னம்மா, ஈ.சி.ஜி. இல்லாம எதுக்கு அனுப்புற?’ என்று ஒரே ஒருமுறை அவர் எரிந்து விழுந்தால் போதும். அடுத்த நோயாளிக்கு அவள் போன் செய்யாமலேயே அனுப்பிவிடுவாள். நீங்கள் யாரும் அதற்கு உத்தரவு போடவில்லை. ஆனால் அந்த பி.ஜி. அந்தக் குரலை எங்கிருந்து கற்றுக்கொண்டார்? ரவுண்ட்ஸிலிருந்துதான்.

அந்த பி.ஜி.யும் பாவம். உறைவிட மருத்துவர் ஒரே தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது என்று மத்திய அரசு 1992-லேயே சொன்னது. முப்பத்தாறு மணி நேரம் தூங்காமல் நிற்கும் பிள்ளைகளை நான் பார்த்துக்கொண்டேதான் ஓய்வுபெற்றேன். ‘நாங்களும் அப்படித்தான் கற்றோம்’ என்று நீங்கள் சொல்வீர்கள். தெரியும். உங்கள் சீஃப் உங்கள் காலடியில் கேஸ் ஷீட் எறிந்ததும் எனக்குத் தெரியும். உங்களில் சிலருக்கு அதை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஆள் பற்றாக்குறை, நோயாளிக் கூட்டம், சொந்தக்காரர்கள் கைநீட்டும் பயம், எல்லாமே உண்மை. நீங்கள் தனியாகச் சரிசெய்ய முடியாதவை. ரவுண்ட்ஸில் முதலில் யார் பேசலாம் என்பது உங்கள் கையில் இருக்கிறது. இறப்புக் கூட்டத்துக்கு இரவு டியூட்டி செவிலியரையும் ஸ்ட்ரெச்சர் தள்ளியவரையும் கூப்பிடுவது உங்கள் கையில் இருக்கிறது. ‘யார்’ என்று கேட்கும் முன் ‘எத்தனை மணிக்கு, எதற்காகக் காத்திருந்தோம்’ என்று கேட்பதும்.

கடைசியாக, உங்களில் ஒருவரிடம் தனியாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. பழைய தோழி ஒருத்தி சொல்லித்தான் தெரிந்தது: அன்று இரவு வாழைமண்டிக்காரரின் கட்டிலருகே என்னோடு நின்ற அந்த ஹவுஸ் சர்ஜன் பிறகு இதயநோய் படித்து, இன்று ஒரு பெரிய பிரிவுக்கு சீஃபாக இருக்கிறார். இந்த மடல் உங்கள் கைக்கு வந்துசேர்ந்தால், தம்பி, அப்படிக் கூப்பிட அனுமதியுங்கள், 1.40 என்று நேரம் எழுதிய அந்த முதல் ஈ.சி.ஜி. தாளை நீங்கள் நான்காக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். பார்த்தும் வாய்திறக்கவில்லை. உங்களுக்கு அப்போது இருபத்து மூன்று வயது இருக்கும், எனக்கு முப்பத்தைந்து. என் தப்புதான் பெரிது. உங்கள் துறையில் இப்போது டியூட்டி பார்க்கும் பிள்ளைகளிடம் அந்த இரவைப் பற்றி நாம் இருவரும் சேர்ந்து சொல்லலாம் என்று ஆசைப்படுகிறேன். நீங்கள் கூப்பிடும் நாளில் பஸ் ஏறி வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு செவிலியர்